எலும்பும் இருதய நாளமும்

நரிக்குடி வட்டாரத்தில் கண்மாய் இல்லாத ஊரைக் காண்பது அரிது. கிருதுமால் நதியில் தண்ணீர் வந்தால் கண்மாய் பெருகும். வராத ஆண்டுகளில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே கரையைப் பற்றியும் மடையைப் பற்றியும் இங்குள்ள விவசாயப் பெருமக்களுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. கரை இளைத்தால் ஒரு மழைக்கே உடைப்பெடுக்கும். மடை தூர்ந்தால் கண்மாய் நிறைந்திருந்தும் வயல் காயும். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் ஒரே கண்மாயில் நேர்வதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

மனித உடலிலும் இத்தகைய கரையும் மடையும் உண்டு. எலும்பைக் கரை என்று கொள்வோம். இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்களை மடை என்று கொள்வோம். எலும்பு இளைத்தவர்களுக்கு நாளங்கள் தூர்ந்துபோவதும், நாளங்கள் தூர்ந்தவர்களுக்கு எலும்பு எளிதில் முறிவதும் தற்செயலாக நேர்பவை அல்ல என்று சென்ற முப்பது ஆண்டுகளாக மருத்துவ ஆராய்ச்சியாளர் கூறி வருகின்றனர். இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய பொருள் என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒதுக்கிவிடலாகாது. ஏன் என்பதை ஒரு நிகழ்ச்சியின் மூலம் சொல்லத் தொடங்குவோம்.

நரிக்குடிக்கு வருமுன் நாம் வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றினோம். அங்கே ஒரு சிற்றூரில் பொதுக் குழாயடியில் தண்ணீர் வழிந்தோட வழியின்றித் தேங்கி, மேடை முழுவதும் பாசி பிடித்துக் கிடந்தது. அவ்வூர்ப் பெண்கள் கிராம சபையில் இரு முறை அதை எடுத்துச் சொன்னார்கள். சிறிய வேலைதானே, வேறொரு பெரிய மதிப்பீட்டுடன் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று கருதி நாம் அக்கோப்பை ஒதுக்கி வைத்தோம். மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலையில், ஐம்பத்தெட்டு வயதுள்ள ஓர் அம்மையார் குடத்துடன் அம்மேடையில் சறுக்கி விழுந்தார். உயரத்திலிருந்து விழவில்லை, நின்ற நிலையிலேயே விழுந்தார். இடுப்பை ஒட்டிய தொடை எலும்பு முறிந்துவிட்டது.

மருத்துவமனையில் அறுவைக்கு முன் செய்த சோதனைகளில் வேறொன்று தெரிய வந்தது. அவருடைய இருதய நாளம் ஒன்று பெரிதும் குறுகியிருந்தது. சில மாதங்களாகவே வரப்பில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டார் அதை வாயுப் பிடிப்பு என்று எண்ணிப் பூண்டும் பெருங்காயமும் கொடுத்து வந்திருக்கிறார்கள். நாம் பார்க்கச் சென்றபோது அவர் எம்மிடம், "ஐயா, விழுந்ததும் நல்லதுக்குத்தான். விழாம இருந்தா நெஞ்சுல இருக்கிறது தெரியாமலே போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார். பெருந்தன்மையால் சொன்ன சொல் அது. அந்தக் கோப்பு எவ்வளவு காலம் நம் மேசையில் கிடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

எலும்பு முறிவையும் நாள அடைப்பையும் ஒரே உடலில் கண்ட அந்நாளிலிருந்துதான் இப்பொருளைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கினோம்.

எலும்பு என்பது கல்லைப்போல் உயிரற்ற பொருள் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. எலும்பில் எந்நேரமும் மராமத்து நடந்துகொண்டேயிருக்கிறது. பழைய எலும்பைக் கரைத்தெடுக்கும் உயிரணுக்கள் ஒருபுறமும், புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மறுபுறமும் வேலை செய்கின்றன. வளர்ந்த மனிதனின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயது வரையில் கட்டும் வேலை ஓங்கியிருக்கும். பிறகு இரண்டும் சமமாகச் சென்று, நாளடைவில் கரைக்கும் வேலை முந்திக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் முதற் சில ஆண்டுகளில் இக்கரைவு மிக விரைவாக நடைபெறுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுவதால், மேலை நாட்டுப் பெண்களைவிட இவர்களுக்குக் கரைவு முன்னதாகவே தொடங்குகிறது.

உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், சுமார் ஒரு கிலோ எடையுள்ளது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்குதான் இரத்தத்திலும் தசைகளிலும் உள்ளது. ஆயினும் இருதயம் சுருங்கி விரிவதற்கு இந்த ஒரு பங்கு இன்றியமையாதது. ஆகவே இரத்தத்தில் கால்சியம் சிறிது குறைந்தாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்கு வழங்கிவிடுகின்றன. உணவில் வராததை உடல் கரையிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்கிறது என்று சொன்னால் விளங்கும். வெட்டும்போது வலி இல்லை. பல ஆண்டுகள் வரை வெளியே எந்த அடையாளமும் இல்லை.

இனி நாளத்துக்கு வருவோம். இருதய நாளத்தின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அழற்சி உண்டாகி, மேடு கட்டுகிறது. நாட்பட நாட்பட அம்மேட்டில் சுண்ணாம்பும் சேருகிறது. இது இக்காலத்து வியாதி மட்டுமன்று. எகிப்து நாட்டில் பதப்படுத்தப்பட்டிருந்த பழைய சடலங்களின் நாளங்களில் சுண்ணாம்பு படிந்திருந்ததை 1911இல் ரஃபர் என்னும் அறிஞர் எழுதியுள்ளார். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 137 பதப்பட்ட சடலங்களில் 47இல் இத்தகைய நாள வியாதியின் அடையாளம் காணப்பட்டது.

முன்னாளில் இச்சுண்ணாம்பை, உப்புத் தண்ணீர் காய்ச்சும் பானையின் அடியில் வெள்ளை படிவதுபோல் தானாகப் படிவது என்றே கருதினர். எலும்பில் கரைந்த சுண்ணாம்பு இரத்தத்தில் மிதந்து வந்து நாளத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று சொல்வதும் எளிது. நாம் மேலே சொன்ன கண்மாய் உவமையும் அப்படித்தான் எண்ணச் செய்யும். கரையில் கரைந்த மண்தானே மடையில் படிகிறது! ஆனால் உவமை இங்கே ஓரளவுக்குத்தான் பொருந்தும். 1993இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர், எலும்பை வளரச் செய்யும் ஒருவகைப் புரதம் மனிதரின் தூர்ந்த நாளச் சுவரிலேயே உற்பத்தியாவதைக் கண்டனர். அதாவது, நாளத்தின் உயிரணுக்களிற் சில தம் தொழிலை மறந்து எலும்பு கட்டும் தொழிலை மேற்கொண்டுவிடுகின்றன. மடை, கரை கட்டத் தொடங்கிவிடுகிறது!

இதன்பின் வந்த இரு சோதனைகள் மேலும் வியப்பானவை. நாளத்தில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் ஒரு புரதம் இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகள், இரண்டு மாதங்களுக்குள் நாளங்கள் இறுகி வெடித்து இறந்தன. இது 1997இல் வெளிவந்தது. எலும்புக் கரைவைக் கட்டுப்படுத்தும் இன்னொரு புரதம் இல்லாத எலிகளுக்கு எலும்பு பொறுமையிழந்து நொறுங்கியது; அதே எலிகளின் பெருநாளத்தில் சுண்ணாம்பும் படிந்தது. இது 1998இல் வெளிவந்தது. ஒரே காவற்காரன் இரண்டு வாயில்களையும் காத்து வந்தான் என்பது இதனால் புலனாயிற்று.

எலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. சுவீடன் நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட இரட்டையரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருதய வியாதியோ பக்கவாதமோ வந்தவர்களுக்குப் பின்னாளில் இடுப்பு எலும்பு முறிவு மற்றவர்களைவிடப் பன்மடங்கு நேர்ந்தது. அவ்வியாதி இல்லாத உடன்பிறந்த இரட்டையருக்குங்கூட முறிவு மிகுதியாகவே காணப்பட்டது. ஆகவே பிறவிக் கூறும் ஓரளவு உண்டு என்று முடிவு செய்தனர். பிறவிக் கூற்றை நாம் மாற்ற இயலாது. ஆனால் முதுமை, மாதவிடாய் நிற்றல் ஆகிய தவிர்க்க இயலாத காரணங்களுடன், புகையிலை, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, உடலுழைப்பின்மை ஆகியவையும் எலும்பையும் நாளத்தையும் ஒருசேரக் கெடுக்கின்றன. பின்னர்ச் சொன்னவை நம் கைக்கு எட்டுபவை.

எலும்பு இளைத்த ஒவ்வொருவருக்கும் மாரடைப்பு வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒன்று மற்றொன்றைப் பெறுகிறது என்று எவரும் நிறுவிவிடவில்லை. ஒன்றைக் கண்டால் மற்றொன்றையும் பார்த்துவிடுவது அறிவுடைமை என்பதே இப்போது சொல்லத்தக்கது.

இது கேட்டவுடன் கடைக்குச் சென்று கால்சியம் மாத்திரை வாங்கத் தோன்றும். அவசரம் வேண்டா. நியூசிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர், கால்சியம் மாத்திரை தொடர்ந்து உண்டவர்களுக்கு மாரடைப்பு ஓரளவு மிகுந்ததாக 2008இலும் 2010இலும் எழுதினர். வேறு அறிஞர்கள் அதை மறுத்தனர்; 2016இல் அமெரிக்க மருத்துவ சங்கங்கள் இரண்டு, அளவோடு உட்கொண்டால் தீங்கில்லை என்று கூறின. வாதம் முற்றிலும் ஓயவில்லை. ஆனால் உணவின் வழியாக வரும் கால்சியத்தின்மேல் இக்குற்றச்சாட்டு நிலைபெறவில்லை. வைட்டமின் டி மாத்திரையும் அவ்வாறே. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், குறைபாடு உள்ளவரா என்று பாராமல் எல்லாருக்கும் கொடுத்ததில், மாரடைப்பும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் உண்ண வேண்டும். பக்கத்து வீட்டார் உண்கிறார் என்பதற்காக உண்ணலாகாது.

ஒரு கிராம சபையில் முதியவர் ஒருவர் எழுந்து, "தினம் பத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் போடுறேனே, எனக்கு எலும்பு இளைக்குமா?" என்று கேட்டார். சபையே சிரித்தது. கேள்வி சிரிக்கத்தக்கதன்று. வெற்றிலைச் சுண்ணாம்பிலும் கால்சியம் உண்டு. சிறிது உடலில் சேரவும் சேரும். ஆனால் அவர் அத்துடன் அடக்கிக்கொள்ளும் புகையிலை எலும்பையும் நாளத்தையும் கெடுக்கிறது. பாக்கு வாய்ப் புற்றுக்கு வழி செய்கிறது. இவ்வாறு நாம் சொன்னபோது அவர், "அப்போ சுண்ணாம்பை மட்டும் நக்கவா?" என்றார். வேண்டாம், கேழ்வரகு உண்ணுங்கள் என்றோம்.

உண்மையில் அதுவே விடை. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்றும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 வேண்டும் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்துள்ளது. நூறு கிராம் அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே உண்டு. மூன்று வேளையும் சோறும் இரசமும் உண்பவர் கணக்கில் எவ்வளவு பின்தங்குகிறார் என்று பார்த்துக்கொள்ளலாம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. நம் பகுதியில் விளையும் கம்பும் குதிரைவாலியும் வேறு பல வகையில் நல்ல தானியங்கள். ஆனால் சுண்ணாம்புச் சத்தில் அவை கேழ்வரகுக்கு வெகு தூரம் பின்னே நிற்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. சிறுதானியம் எல்லாம் ஒன்றே என்று மேடையில் பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு நியாய விலைக் கடைகளில் வழங்கத் தொடங்கினார்கள். அத்தகைய ஏற்பாடு இங்கும் வேண்டும் என்று கிராம சபைகள் தீர்மானம் இயற்றினால் அது வீண் தீர்மானமாகாது.

கொள்ளு, எள், முருங்கைக் கீரை, அகத்திக் கீரை ஆகியவையும் சுண்ணாம்புச் சத்து மிக்கவை. முருங்கை இல்லாத கொல்லை இங்கே குறைவு. ஆயினும் காயைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் கீரையை ஆட்டுக்குப் போடுகிறோம். ஆடு நன்றாயிருக்கிறது! பாலும் அவ்வாறே. கறந்த பால் முழுவதும் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றுவிட, கறந்தவள் கடுங்காப்பி குடிக்கிறாள். வீட்டுக்குக் காற்படி மோரேனும் நிறுத்திவைக்க வேண்டும் என்று மாதர் குழுக்களில் நாம் சொல்லி வருகிறோம். இதில் நமக்கு இதுவரை பெரிய வெற்றி கிட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். பால் பணம் வாரந்தோறும் கைக்கு வருகிறது, எலும்பின் கணக்கு இருபது ஆண்டுகள் கழித்தே வருகிறது.

தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. ஊற வைத்தாலும், முளை கட்டினாலும், கூழைக் கரைத்துப் புளிக்க வைத்தாலும் அது குறைகிறது. நம் பாட்டிமார் முதல் நாள் இரவே கூழைக் கரைத்து வைத்தது வெறும் வழக்கமன்று. உப்பை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு சிறுநீர் வழியாகக் கால்சியத்தையும் வெளியேற்றுகிறது.

வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று ஐயுறலாம். திருப்பதியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வயல் வேலை செய்யும் கிராமத்து மக்களின் நிலை நகரத்தாரைவிட மேலாக இருந்தபோதிலும், கிராமத்துப் பெண்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு அச்சத்துக் குறைந்திருந்தது. உணவில் கால்சியம் குறையும்போது, உள்ள வைட்டமின் டியும் விரைவில் செலவாகிவிடுகிறது என்பது அவர்கள் கூறும் விளக்கம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். கடின நீர் குடிப்பதால் நாளத்தில் சுண்ணாம்பு படியும் என்று பலர் அஞ்சுகின்றனர். அதற்கு ஆதாரமில்லை. அஞ்ச வேண்டியது ஃப்ளோரைடு. 1937இல் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் மக்களின் முதுகெலும்பு விறைத்துக் கூன் விழுவதற்குக் கிணற்று நீரிலுள்ள ஃப்ளோரைடே காரணம் என்று கண்டு எழுதினர். இந்தியாவில் இவ்வியாதி முதன்முதலாக இனங்காணப்பட்டது அப்போதுதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரையில் இருக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் ஒன்றரை வரையில் பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். விருதுநகர் மாவட்டத்திலும் சில இடங்களின் நிலத்தடி நீரில் இது வரம்பு மீறியிருப்பதாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியல் காட்டுகிறது. ஆகவே புதிய ஆழ்துளைக் கிணறு இறக்கியவுடன் நீர் இனிப்பாக இருக்கிறதா என்று நாவால் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவது பஞ்சாயத்தின் கடமை. ஃப்ளோரைடுக்குச் சுவை இல்லை.

உழைப்பு எலும்புக்கு உரம் என்பதில் ஐயமில்லை. சுமை தாங்கும் எலும்பே தடிக்கும். நடக்கும் இருதயமே உறுதிப்படும். ஆனால் நம் ஊர்களில் வயல் வேலையை விட்டபின் முதியோர் திண்ணையோடு நின்றுவிடுகின்றனர். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்க, தனியே வாழும் முதியவர் விழுந்தால் தூக்கி விட ஆள் வரவே நேரமாகிறது. இடுப்பு எலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாக மேலைநாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. படுக்கையே அவர்களுக்கு எமனாகிறது. அசையாத காலில் இரத்தம் உறைகிறது, நுரையீரலில் சளி கட்டுகிறது, ஏற்கனவே நலிந்த இருதயம் தளர்கிறது. ஆகவே குழாயடி மேடையைச் சொரசொரப்பாகப் பூசுவதும், வழியும் நீருக்கு உறிஞ்சு குழி அமைப்பதும், ஊருணிப் படித்துறையில் கைப்பிடிக் கம்பி நாட்டுவதும், தெரு மூலையில் எரியாத விளக்கை எரியச் செய்வதும் இருதய வைத்தியத்தைச் சேர்ந்தவையே. சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலைகள் இவை. நுழைவு வளைவு கட்டப் பணம் ஒதுக்கக் கோரி வரும் தீர்மானங்களைக் காணும்போதெல்லாம் நமக்கு அப்பாசி பிடித்த மேடை நினைவுக்கு வருகிறது.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல், நின்ற நிலையில் விழுந்தே எலும்பு முறிந்தவர்களும், முன்பு இருந்த உயரம் நாலு விரற்கடை குறைந்தவர்களும், புதிதாகக் கூன் விழுந்தவர்களும் எலும்பை மட்டும் பார்த்துக்கொண்டு வந்துவிடலாகாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் சோதித்து, தேவையாயின் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். வரும் நாளில் வயலுக்குப் போய்விட்டதாகச் சொல்லாமல் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக ஐம்பத்துமூன்று வயதிலேயே வருவதாகவும், மற்றவருக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்தே வருவதாகவும் காட்டியது. பெண்களுக்கும் நீரிழிவுள்ளவர்களுக்கும் நெஞ்சுவலி பெரிதாக இல்லாமலே மாரடைப்பு வரலாம். மூச்சிரைப்பு, காரணமற்ற வியர்வை, தாடையிலோ முதுகிலோ இடக்கையிலோ வலி, தாங்க முடியாத அசதி இவையே அடையாளமாக இருக்கக்கூடும். சோடா குடித்து ஏப்பம் விட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் அரை மணி நேரத்தில் இருதயத் தசை மடிந்துகொண்டிருக்கிறது. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய முதலுதவி மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. 108க்கு அழைத்துவிட்டு, அருகிலுள்ள நிலையம் எது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதி வைக்கலாம்.

அவ்வம்மையாருக்கு இருதய நாளத்தில் குழாய் பொருத்தி, தொடை எலும்பையும் சேர்த்துவிட்டார்கள். ஓராண்டு கழித்து நாம் அவ்வூர் சென்றபோது கையில் கோலுடன் குழாயடிக்கு வந்திருந்தார். மேடையைக் கொத்திப் பூசி, இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பி நாட்டியிருந்தார்கள். மதிப்பீட்டில் அக்கம்பி இல்லை. அவ்வூர் உறுப்பினர் ஒருவர் தாமே வாங்கி வைத்தது. அம்மையார் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு குடத்தைப் பேத்தியிடம் எடுத்துக் கொடுத்தார்.